குடிகார நாயகன் படம் ஏன் பாதியிலேயே படுத்துவிடுகிறது?

கேள்வி இதுதான்: "நடிகர் உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார், ஒளிப்பதிவு பிரமாதம், கதையும் கனமானது. நாயகன் குடிக்கு அடிமை, பெரிய திறமைசாலி, குறைகள் நிறைந்தவன். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் சலித்துவிட்டது. எல்லாரும் அழும் இடத்தில் எனக்குக் கொட்டாவி வந்தது. எனக்கு இரக்கம் இல்லையா, படத்தில்தான் கோளாறா? இப்படி ஒரு கதையை எழுத நினைப்பவர் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?"

கோளாறு பெரும்பாலும் படத்தில்தான். அதுவும் படப்பிடிப்பில் வந்ததல்ல, எழுத்து மேசையிலேயே நடந்துவிட்டது. இந்த வகைப் படங்கள் அடிமைத்தனத்தை ஒரு சோகமாக மட்டும் பார்க்கின்றன. சோகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் சிக்கியவனுக்கு அது முதலில் ஒரு வேலை. கண் விழித்ததிலிருந்து ஓயாத வேலை: காசு புரட்ட வேண்டும், வாங்க வேண்டும், ஒளித்து வைக்க வேண்டும், வாடை தெரியாமல் பேச வேண்டும், நேற்று யாரிடம் என்ன பொய் சொன்னோம் என்று மறக்காமல் இருக்க வேண்டும். படம் இந்த வேலையை முழுக்க வெட்டிவிட்டு, ஜன்னலோரம் கிளாஸோடு உட்கார்ந்திருக்கும் முகத்தை மட்டும் காட்டுகிறது. எவ்வளவு நல்ல நடிகரின் முகமாக இருந்தாலும், எதுவும் செய்யாத முகத்தை எத்தனை நேரம் பார்ப்பது?

மருத்துவமும் இதைத்தான் சொல்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டில் மதுப் பழக்கக் கோளாறைக் கண்டறிய 11 அளவுகோல்கள் இருக்கின்றன. 12 மாதங்களுக்குள் அவற்றில் 2 அல்லது 3 இருந்தால் லேசானது, 4 அல்லது 5 நடுத்தரம், 6 முதல் கடுமையானது. பட்டியலில் எங்கேயும் 'தினம் இத்தனை மில்லி' என்று கிடையாது. குடியைத் தேடுவதிலும் குடிப்பதிலும் அதிலிருந்து தெளிவதிலும் பெரும்பொழுது போவது ஓர் அளவுகோல். குறைக்க நினைத்துத் தோற்பது, வீட்டிலும் வேலையிலும் கடமை தவறுவது, முன்பு ஆசையாகச் செய்ததையெல்லாம் கைவிடுவது, உறவு கெடுகிறதென்று தெரிந்தும் தொடர்வது என்று மற்றவை போகின்றன. இவை ஒவ்வொன்றும் ஒரு காட்சிக்கான விதை. ஏமாற்றும் படங்கள் இந்தப் பதினொன்றில் ஒன்றையோ இரண்டையோ பிடித்துக்கொண்டு மீதியைத் தொடுவதே இல்லை.

முதலில் சலிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். குடிக்கிறான், கேவலப்படுகிறான், வருந்துகிறான், சத்தியம் செய்கிறான், மறுபடி குடிக்கிறான். நிஜ வாழ்க்கையில் இந்தச் சுழல் வருடக்கணக்கில் அப்படியே சுழலும் என்பது உண்மை. படத்தில் அதை அப்படியே வைத்தால், மூன்றாவது சுற்றில் பார்வையாளர் நாயகனை முந்திவிடுவார். சத்தியம் செய்யும்போதே "எத்தனை காட்சிக்கு?" என்று மனசுக்குள் எண்ணத் தொடங்கிவிடுவார். இதை உணர்கிற இயக்குநர் சத்தத்தைக் கூட்டுகிறார்: முதல் முறை தட்டு உடைந்தது, இரண்டாம் முறை கண்ணாடி, மூன்றாம் முறை கார். காட்சி பெரிதாகிறதே தவிர மாறவில்லை.

திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 120 பக்கக் கதையில் குடிக்கிற காட்சி 20, ஒவ்வொன்றும் 2 பக்கம் என்றால் 40 நிமிடம் அதிலேயே போய்விட்டது. அந்த 20ஐயும் எடுத்து ஒரு மேசையில் பரப்பி, 'இந்தக் காட்சிக்கு முன்னால் அவனிடம் இருந்து, பின்னால் இல்லாமல் போனது என்ன?' என்று ஒவ்வொன்றின் ஓரத்திலும் எழுதுங்கள். சாவி, சம்பளம், மகளின் நம்பிக்கை, நண்பன் வீட்டில் படுக்க ஓர் இடம், எதுவாகவும் இருக்கலாம். போனது திரும்பி வரக் கூடாது. ஓரம் காலியாக இருக்கிற காட்சியைத் தூக்கிவிடலாம். இந்த ஒரு சோதனையிலேயே பாதிக் குடிக்காட்சிகள் காணாமல் போகும். படம் அதனால் கெடாது.

இப்போது அந்த 'வேலை'க்கு வருவோம், ஏனென்றால் விஷயம் இங்கேதான் இருக்கிறது. 1945இல் பில்லி வைல்டர் இயக்கிய 'தி லாஸ்ட் வீக்கெண்ட்' எண்பது வருடம் கழித்தும் தாங்குவதற்குக் காரணம் நாயகனாக நடித்த ரே மில்லண்டின் முகபாவம் மட்டுமல்ல. முதல் காட்சியிலேயே ஜன்னலுக்கு வெளியே கயிற்றில் ஒரு பாட்டில் தொங்குகிறது. உள்ளே நாயகனும் அவன் சகோதரனும் ஊருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாயகன் துணி மடிக்கிற சாக்கில் அந்தப் பாட்டிலை எப்படி உள்ளே எடுப்பது என்று கணக்குப் போடுகிறான். உடனே நமக்கு வேலை வந்துவிட்டது. எடுப்பானா, மாட்டிக்கொள்வானா? பிறகு காசில்லாமல் தன் தட்டச்சுப் பொறியைத் தூக்கிக்கொண்டு அடகுக்கடை அடகுக்கடையாக நடக்கிறான். அன்று யூதர்களின் யோம் கிப்பூர் நாள், எல்லாக் கடையும் சாத்தியிருக்கிறது. அவன் ஒரு எழுத்தாளன். தூக்கிக்கொண்டு அலைவது அவன் பிழைப்புக் கருவியை. வசனமே தேவைப்படாத இடம். இன்னொரு இடத்தில், போதையில் ஒளித்த பாட்டில் எங்கே என்று அவனுக்கே மறந்துவிட, வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டு ஓய்ந்து சாய்கிறான். நிமிர்ந்து பார்த்தால் மேலே விளக்குக் கூட்டுக்குள் பாட்டிலின் நிழல். இந்த மூன்று இடத்திலும் நாயகன் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டே இருக்கிறான். நாம் அவன் பக்கம் இருக்கிறோமா, எதிர்ப் பக்கமா என்று நமக்கே குழம்புகிறது. இந்த வகைப் படத்தின் ருசியே அந்தக் குழப்பம்தான்.

ஆக, எழுதுகிறவர் முதலில் போட வேண்டியது கதைச் சுருக்கம் அல்ல, ஒரு கணக்கேடு. காட்சிப் பட்டியலில் ஒவ்வொரு காட்சிக்கும் எதிரே ஐந்து கட்டம்: மணி என்ன, கடைசியாகக் குடித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று, காலையிலிருந்து எவ்வளவு உள்ளே போயிருக்கிறது, கையில் எவ்வளவு காசு, அவன் குடிப்பது யாருக்குத் தெரியும் யாருக்குத் தெரியாது. இரண்டாவது கட்டம்தான் மிக முக்கியம். மற்ற எல்லாம், அதாவது கை, குரல், கோபம், பொறுமை, பொய்யின் தரம், அந்த எண்ணிலிருந்துதான் பிறக்கின்றன. நடிகருக்கு, "இந்தக் காட்சியில் நீங்கள் மனமுடைந்து இருக்கிறீர்கள்" என்று சொல்வதைவிட "கடைசியாகக் குடித்து ஒன்பது மணி நேரம் ஆகிறது" என்று சொன்னால் அவர் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

ஏன் ஒன்பது மணி? நெடுநாள் கடுமையாகக் குடித்தவன் நிறுத்தினால், கடைசிக் குடியிலிருந்து ஏறத்தாழ 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். 12 முதல் 24 மணிக்குள் சிலருக்கு இல்லாத உருவங்களும் குரல்களும் வரும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் 6 முதல் 48 மணிக்குள். நினைவு குழம்பி, காய்ச்சல் ஏறி, பூச்சி ஊர்வதாகக் கத்தும் கடுமையான நிலை, டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பது, 48 முதல் 96 மணிக்குள். எல்லாருக்கும் எல்லாமும் வராது. ஆனால் வரிசை இதுதான். படங்களில் இரவு எட்டு மணிக்குப் பாட்டிலை உடைத்துவிட்டு, ஒன்பது மணிக்கே பாம்பு தெரிகிறது. அதைப் பார்க்கிறவர்களில் வீட்டில் ஒரு குடிநோயாளியை வைத்திருப்பவர் யாராவது இருந்தால், அந்த நொடியில் படத்தின் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும்.

இதே இடத்தில் படங்கள் செய்யும் இன்னொரு பெரிய தலைகீழ்த் தவறு. ஹெராயின் நாயகன் விடும்போது செத்துவிடுவான் போலக் கத்துகிறான். குடிகார நாயகனோ அறையைப் பூட்டிக்கொண்டு ஒரே இரவில் வியர்த்துத் தீர்த்துவிட்டு, காலையில் சவரம் செய்துகொண்டு வெளியே வருகிறான். உண்மை நேர்மாறானது. மருத்துவ உதவியில்லாமல் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகக் கூடியது மதுதான். ஹெராயின் போன்றவற்றின் விடுபடல் கொடுமையானது, ஆனால் அதுவே ஆளைக் கொல்வது அரிது. கடைசி ஊசியிலிருந்து 8 முதல் 24 மணிக்குள் கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணீர், மயிர்க்கூச்சல், பிறகு வயிற்றுப்போக்கு, காலில் குடைச்சல். இரண்டு மூன்று நாளில் உச்சம். 5 முதல் 10 நாளில் தணிவு. கொட்டாவியையும் மூக்கொழுகலையும் எந்த நட்சத்திரமும் நடிக்க விரும்புவதில்லை, அழகாக இருக்காதே. கொக்கெய்ன் வேறு மாதிரி: விட்டவன் கத்த மாட்டான். தூங்குவான், அகோரப் பசியில் தின்பான், பிறகு எதிலும் பிடிப்பில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். மூன்று போதைக்கும் ஒரே 'கட்டிலில் புரளும்' காட்சியை எடுக்கிறவர்கள் மூன்றில் எதையுமே விசாரிக்கவில்லை என்று அர்த்தம். கட்டிப்போட்டு அறையில் அடைப்பதைக் குடும்பத்தின் பாசமாகக் காட்டும் காட்சிக்கு மன்னிப்பே கிடையாது. பார்த்துவிட்டு வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் உண்டு. மதுவை விடுவிக்க மருத்துவர்கள் குளோர்டயசெப்பாக்சைடு, லோரசெப்பாம் போன்ற மருந்தைக் கொடுத்து நாள்தோறும் குறைத்துக்கொண்டே வருவார்கள். தயாமின் என்ற பி1 வைட்டமினும் சேர்ந்து போகும். அது இல்லாமல் போனால் மூளை நிரந்தரமாகப் பழுதாகலாம்.

நடிப்புக்கு இதிலிருந்து ஒரு நேரடிப் பாடம் இருக்கிறது. பழகிய குடிகாரன் குடித்திருக்கும்போது நேராக இருப்பான், குடிக்காதபோதுதான் ஆடுவான். கை நடுங்குகிறதென்றால் இன்னும் உள்ளே போகவில்லை என்று பொருள். முதல் மடக்கை இரு கையாலும் பிடித்துக் குடிப்பான், சில சமயம் ஒரு துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, ஒரு முனையை கிளாஸோடு சேர்த்துப் பிடித்து, மறுமுனையை மெல்ல இழுத்துக் கையை வாய்க்கு ஏற்றுவான். முதல் மடக்கு அநேகமாக வெளியே வந்துவிடும். இரண்டாவது தங்கும். கொஞ்ச நேரத்தில் விரல் அடங்கும். அப்புறம்தான் பல் தேய்த்து, சட்டை பொத்தான் போட்டு, வேலைக்குப் போக முடியும். இந்த ஒரு காலையை வெட்டாமல் எடுத்தால் நான்கு நிமிடம் வரும். கதறல் காட்சிகள் பத்துக்குச் சமம். நம் ஏமாற்றப் படங்களில் நாயகன் எட்டு வருடம் குடித்தும், நேற்றுத்தான் முதல்முறை குடித்த கல்லூரிப் பையன் மாதிரித் தள்ளாடுகிறான். உடல் பழகிப்போய்த் தாங்குதிறன் ஏறியிருக்கும் என்பதையே மறந்துவிடுகிறார்கள். குடித்தவனை நடிக்க நடிகர்களுக்குச் சொல்லித்தரும் பழைய பாடம் ஒன்று உண்டு: தள்ளாட முயலாதே, தள்ளாடாமல் இருக்க முயல். கதவுப் பிடியை ஒரு கணம் அதிகமாகப் பார்ப்பது, சொல்லைக் கொஞ்சம் அதிகத் திருத்தமாக உச்சரிப்பது, நாற்காலியில் உட்காரும் முன் கை அதைத் தடவிப் பார்ப்பது, இவை போதும்.

தோற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தாடிக்கும் ஈரலுக்கும் சம்பந்தம் இல்லை. நாள்பட்ட குடியின் அடையாளங்கள் வேறு: உள்ளங்கை சிவப்பு, மார்பில் சிலந்தி வடிவ ரத்த நாளங்கள், காதுக்குக் கீழே கன்னம் உப்பல், மெலிந்த கைகால் மேல் வீங்கிய வயிறு, பாதம் மரத்துப்போனதால் காலை அகட்டி வைக்கும் நடை. ஒப்பனைக்காரருக்கு இது தாடி ஒட்டுவதைவிடச் சுலபமான வேலைதான், யாரும் கேட்பதில்லை.

கணக்கேட்டின் மூன்றாவது கட்டத்துக்கு ஓர் எளிய கணிதம் போதும். 750 மில்லி பாட்டில், 40 சதவீதம் என்றால் 300 மில்லி சுத்த ஆல்கஹால். எடை ஏறத்தாழ 237 கிராம். சாதாரண உடல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். பழகிய உடல் அதைவிட வேகம். 15 என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாலை 7 மணிக்குத் தொடங்கி முழு பாட்டிலை முடித்து இரவு 11 மணிக்குச் சாய்ந்தவனுக்கு, காலை 8 மணிக்குள் 13 மணி நேரத்தில் 195 கிராம் போய் இன்னும் 40 கிராமுக்கு மேல் மிச்சம் இருக்கும். அதாவது அவன் இன்னும் போதையில் இருக்கிறான். தலையில் தண்ணீர் ஊற்றியோ காப்பி கொடுத்தோ இந்த வேகத்தைக் கூட்ட முடியாது. ஈரமான, தூக்கம் கலைந்த குடிகாரன்தான் கிடைப்பான். அறுவைச் சிகிச்சை நிபுணரான நாயகன் நள்ளிரவில் பாட்டிலைக் காலி செய்துவிட்டு விடியலில் முகம் கழுவி உயிரைக் காப்பாற்றுகிற காட்சி ஏன் இடறுகிறது என்று இப்போது புரியும். படம் அதை அவன் மேதைமைக்குச் சான்றாக வைக்கிறது. எண் தெரிந்தவருக்கு நோயாளியின் நிலைமைதான் கண்ணில் படும். அந்தப் பயத்தை வேண்டுமென்றே கையில் எடுத்தால் அருமையான காட்சி. தெரியாமல் வைத்தால் கேலி.

படப்பிடிப்பில் இன்னொரு சில்லறைத் தொல்லை. விஸ்கிக்குப் பதில் பால் விடாத ஆறிய தேநீர், ஓட்காவுக்குப் பதில் தண்ணீர். எட்டு டேக், டேக்குக்கு 150 மில்லி என்றால் நடிகர் வயிற்றில் ஒரு லிட்டருக்கு மேல் தேநீர். அதற்குப் பிறகு எடுக்கிற க்ளோசப்பில் உப்புசம்தான் தெரியும், விரக்தி தெரியாது. க்ளோசப்பை முதலில் எடுத்துவிடுவது நல்லது. பாட்டிலில் அளவு எங்கே நிற்கிறது என்று கன்டினியூட்டி பார்ப்பவர் டேக்குக்கு டேக் படமெடுத்துவைக்க வேண்டும். எங்கோ போகிற பார்வையாளர் கண், ஏறி இறங்கும் பாட்டில் மட்டத்தை மட்டும் விடாது.

மங்கலான பார்வை, சாய்ந்த கேமரா, மெதுவோட்டம், வயலின் இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காட்சியில் செயல் இல்லாதபோது இவை வருகின்றன.

அடுத்து, நாயகன் ஏன் குடிக்கிறான் என்ற ஃபிளாஷ்பேக். அடித்த அப்பா, இறந்த குழந்தை, கைவிட்ட காதலி. இப்படி ஒரே ஒரு காயத்தை எழுபதாவது நிமிடத்தில் திறந்து காட்டியதும் எல்லாம் விளங்கிவிட்டதாகப் படம் நினைத்துக்கொள்கிறது. அடிமைத்தனத்தில் மரபுக்கும் பங்கு உண்டு, சிறுவயதுத் துயரத்துக்கும் உண்டு, தொடங்கிய வயதுக்கும், கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கும், கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பதற்கும் உண்டு. இத்தனையையும் படத்தில் சொல்ல வேண்டாம். ஒன்றைச் சொல்லி 'இதனால்தான்' என்று முத்திரை குத்தாமல் இருந்தால் போதும். குடிப்பதற்கான காரணத்தை நாயகன் வாயிலிருந்தே வரவையுங்கள், ஆனால் ஆளுக்கு ஏற்ப மாற்றிச் சொல்லட்டும். மேலதிகாரியிடம் முதுகுவலி, மனைவியிடம் அப்பா, நண்பனிடம் மனைவி. எது உண்மை என்று அவனுக்கே தெரியாது என்பது புரிகிறபோது நம் முதுகுத்தண்டில் ஏதோ ஓடும்.

காதல் தோல்வியிலிருந்து குடி என்ற அச்சுக்கு நம் எல்லாருக்கும் தெரிந்த மூலம் சரத்சந்திரரின் 'தேவதாஸ்', 1917இல் நூலானது. 1953இல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்த படம் தெலுங்கிலும் தமிழிலும் வந்தது. பின்னால் வந்தவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது பாட்டிலை. எடுக்காமல் விட்டது, பாட்டிலுக்கு முந்தைய காட்சியை. பார்வதி மானத்தையும் பொருட்படுத்தாமல் நள்ளிரவில் அவன் அறைக்கே வந்து நிற்கிறாள். அவனால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. பெற்றோரை மீறவும் துணிவில்லை. அந்தத் தயக்கம்தான் அவன் குறை. குடி அதன் பின்விளைவு. குறையுள்ள நாயகன் என்றால் குடிப்பது அவன் குறை என்று நினைத்துவிடுகிறார்கள். குடியை எடுத்துவிட்டுப் பாருங்கள், மிஞ்சுகிற ஆளிடம் ஒரு குறை இருக்க வேண்டும்: கோழைத்தனம், தற்பெருமை, பிறர் உழைப்பில் வாழும் பழக்கம், ஏதோ ஒன்று. குடியை எடுத்தால் உத்தமன் மிஞ்சுகிறான் என்றால், அது நோய் பற்றிய விளம்பரப் படமே தவிர நாடகம் இல்லை. எதிரிடைத் தவறும் உண்டு. மிஞ்சுகிறவனிடம் எந்த ஆசையும் இல்லை, குடி மட்டும்தான் என்றால் அவன் எதை இழந்தாலும் நமக்கு வலிக்காது.

குடும்பத்தினர் இந்தப் படங்களில் கதவோரம் நிற்பதற்காகவே படைக்கப்பட்டவர்கள். மனைவி அழுவாள், அம்மா சாமி கும்பிடுவாள், குழந்தை ஓவியம் வரையும். ஆனால் வீட்டில் ஒருவர் குடித்தால் வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் வேலை வந்துவிடுகிறது. அலுவலகத்துக்கு "அவருக்குக் காய்ச்சல்" என்று போன் செய்வது யார்? கடனை அடைத்தது யார்? பாட்டிலைத் தேடிப் பிடித்துக் கொட்டியது யார்? கொட்டினால் இன்னொன்று வாங்கக் கடன் வாங்குவான் என்று கணக்குப் போட்டுக் கொட்டாமல் திரும்ப வைத்தது யார்? அந்தக் கடைசி நபர் ஒரு முழுப் பாத்திரம். அவரைப் பற்றியே ஒரு படம் எடுக்கலாம். குடியை விடுவிக்கும் மாத்திரையைச் சாப்பாட்டில் தெரியாமல் கலப்பதைத் தியாகமாகக் காட்டுவதும் உண்டு. டைசல்ஃபிரம் என்ற அந்த மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் இறங்கும். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம்வரைகூட அதன் வேலை நீடிக்கலாம். தெரியாமல் கொடுத்தால் அவன் எச்சரிக்கையே இல்லாமல் குடிப்பான், உயிருக்கே ஆபத்து. தியாகக் காட்சியாக அல்ல, அவள் கை தட்டுக்கு மேலே நின்றுபோகிற காட்சியாக எழுதினால் அதில் விஷயம் இருக்கிறது. 1962இல் வந்த 'டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோசஸ்' படத்தில் கணவன் தன் குடியை மனைவிக்கும் பழக்கிவிடுகிறான். பிறகு அவன் மீள்கிறான், அவள் மீளவில்லை. அவள் கதவோரம் நிற்பவள் அல்ல என்பதால்தான் அந்த முடிவு வலிக்கிறது.

ஒரு படத்தை நிமிர்த்துவது முடிவெடுக்கும் கணம். அதற்கு 2012இன் 'ஃப்ளைட்' நல்ல பாடம். விபத்துக்குள்ளான விமானத்தை ஓட்டிய விமானி, அந்த விபத்து பற்றிய விசாரணைக்கு முந்தைய இரவு ஒரு ஓட்டல் அறையில் காவலோடு அடைக்கப்பட்டிருக்கிறான். குடிவகை எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து அறையின் இணைப்புக் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே குளிர்பெட்டி நிறையச் சிறிய பாட்டில்கள். ஒன்றை எடுத்துத் திறந்து, குளிர்பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போய்விடுகிறான். கேமரா நகராமல் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. வைத்துவிட்டான், பிழைத்தான் என்று நாம் மூச்சுவிடும்போது ஒரு கை சட்டென்று வந்து அதைப் பறித்துக்கொண்டு போகிறது. இசை இல்லை, வசனம் இல்லை. மறுநாள் விசாரணையில் அவனுக்கு ஒரு பொய் போதும்: இறந்துபோன சக ஊழியைதான் குடித்தாள் என்று சொன்னால் தப்பிவிடலாம். வாழ்நாள் முழுக்கச் சரளமாகப் பொய் சொன்னவனால் அந்தப் பொய்யை மட்டும் சொல்ல முடியவில்லை. ஒன்று கவனியுங்கள். இங்கே குடியை நிறுத்துவது உச்சம் இல்லை, பொய்யை நிறுத்துவதுதான் உச்சம்.

மறுவாழ்வு மையத்தை இரண்டு நிமிட மாண்டேஜில் கடந்துவிடுவது இந்த வகைப் படங்களின் மிகப்பெரிய வீண்செலவு. வட்டமாக நாற்காலி, ஜன்னலில் மழை, ஒரு கிட்டார், தோட்டத்தில் சிரிப்பு, வெளியே வந்தாயிற்று. உண்மையில் நாடகம் வெளியே வந்த பிறகுதான் தொடங்குகிறது. குடித்துக் கழித்த அந்த நாலைந்து மணி நேரம் இப்போது தினமும் காலியாக நிற்கிறது. தூக்கம் மாதக்கணக்கில் சரியாக வராது. இனிப்பு கேட்கும். நண்பர்கள் எல்லாரும் குடிநண்பர்கள் என்பது அப்போதுதான் தெரியும். வீட்டில் யாரும் அவனை நம்ப மாட்டார்கள், நம்பாததற்கு அவர்களிடம் நியாயமும் இருக்கிறது. அவனோ தெளிவாக இருப்பதற்குப் பாராட்டை எதிர்பார்க்கிறான். இந்த இரண்டு நியாயங்களும் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் போதும், கத்தி தேவையில்லை.

1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் பன்னிரண்டு படிகளில் எட்டாவது, தான் காயப்படுத்தியவர்களின் பட்டியலைப் போடுவது. ஒன்பதாவது, அவர்களுக்கோ மற்றவர்களுக்கோ தீங்கு வராத இடத்தில் நேரில் ஈடுசெய்வது. படங்கள் இதை ஒரு நீண்ட மன்னிப்பு வசனமாக்கிவிடுகின்றன. மழையில் நனைந்தபடி பேசுவான், அவள் கட்டிக்கொள்வாள். ஈடுசெய்வது என்பது பேச்சு இல்லை. வாங்கிய கடனைத் தவணையில் கட்டுவது. "உன் நகையை நான்தான் எடுத்தேன், வேலைக்காரி இல்லை" என்று சொல்வது. அப்புறம் அந்த வேலைக்காரியைத் தேடிப் போவது. அவள் கதவைத் திறக்காமலும் இருக்கலாம். அந்த உரிமை அவளுக்கு உண்டு. பட்டியலில் உள்ள ஏழு பேரில் இரண்டு பேர் மன்னிக்காத ஒரு படத்தைப் பார்க்க எனக்கு ஆசை.

ஹெராயின் கதையென்றால் இன்னொரு விஷயம், எழுதுகிறவர்கள் பலர் கோட்டைவிடுவது. சில வாரம் நிறுத்தி மீண்டவனின் உடலில் பழைய தாங்குதிறன் போய்விட்டிருக்கும். மறுபடி விழுகிற அன்று அவன் கை பழைய அளவையே எடுக்கும். அந்த அளவு இப்போது கொல்லும். திருந்தி வீடு திரும்பிய முதல் வாரம்தான் ஆபத்து மிகுந்த வாரம் என்று பார்வையாளருக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டால், வீட்டில் நடக்கிற விருந்துக் காட்சி முழுக்க வயிற்றைப் பிசையும். காப்பாற்றுகிற காட்சியில் இதயத்தில் ஊசி குத்த வேண்டாம். நலாக்சோன் என்ற மருந்து மூக்கில் தெளிப்பாகவோ தொடைத் தசையில் ஊசியாகவோ போகும், சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். அதன் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் தீர்ந்துவிடும். உள்ளே இருக்கும் போதை அதைவிட நீடித்தால் மூச்சு மறுபடி நிற்கலாம். எழுந்து உட்கார்ந்து "நான் நல்லாத்தான் இருக்கேன், போங்க" என்கிறவனை விட்டுவிட்டுப் போகலாமா என்பது மருத்துவம் தந்த இலவசக் காட்சி.

முடிவுதான் எல்லாரும் வழுக்குகிற படி. சாவும் சுலபம், திருந்துவதும் சுலபம். நான் மேலே புகழ்ந்த 'தி லாஸ்ட் வீக்கெண்ட்'கூட இங்கே வழுக்குகிறது. அத்தனை நாள் நரகத்தைக் காட்டிவிட்டு, கடைசிச் சில நிமிடங்களில் நாயகன் விஸ்கி கிளாஸுக்குள் சிகரெட்டைப் போட்டுவிட்டு நாவல் எழுத முடிவெடுக்கிறான். நம்புவது கடினம். முந்தைய நூறு நிமிடமும் சொன்னது, இவன் முடிவெடுப்பதில் கெட்டிக்காரன், அதைக் காப்பாற்றுவதில் அல்ல என்று.

உங்கள் கதையில் முடிவு வரும் இடத்தில் அந்தக் கணக்கேட்டை எடுத்துப் பாருங்கள். 'கடைசியாகக் குடித்து எத்தனை மணி நேரம்' என்ற கட்டத்தில் 2,160 என்று இருந்தால் தொண்ணூறு நாள் ஆகிறது. அந்த எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். மாலை ஆறு மணி, பழைய கடை வழியாக அல்லாமல் சுற்றி வருகிற பாதை, அதனால் வீடு வர இருபது நிமிடத் தாமதம், கதவைத் திறக்கும் மனைவி முதலில் அவன் முகத்தைப் பார்க்காமல் கிட்டே வந்து மூச்சை இழுத்து முகர்வது, அவன் அதற்குத் தோதாக வாயைத் திறந்து ஊதிக் காட்டுவது. அதோடு கட் செய்துவிடலாம்.